பேசாத பலகை



சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில், எங்கள் அயல்வீட்டு மாணவன் ஒருவன் என் வீட்டு வாயிலில் வந்து நின்றான். அவன் கையில் உள்ளங்கையளவான நீலநிறப் பலகையொன்று இருந்தது. முகத்தில் வாட்டம் இருந்தது. “மாமா, இதை நான் எரித்துவிட்டேன் போலிருக்கிறது” என்றான்.

பாடசாலைக் கண்காட்சிக்கு அப்பொழுது இன்னும் 2 நாள்களே இருந்தன. பூச்சாடியின் மண் உலர்ந்தவுடன் ஒலியெழுப்பி அறிவிக்கும் சிறு கருவியொன்றைச் செய்து வைப்பதாக அவன் ஆசிரியரிடம் வாக்களித்திருந்தான். வகுப்பறையில் ஒழுங்காக இயங்கிய பலகை, வீட்டுக் கணினியிற் பொருத்தியதும் ஊமையாகிவிட்டது. அதிலுள்ள சிறு விளக்கு எரிகின்றது. ஆயினும் அப்படியொரு பொருள் தன்னுடன் இணைந்திருப்பதாகக் கணினி காட்டவில்லை. சேமித்து வைத்திருந்த பணத்தில் வேறொரு பலகை வாங்குவதென்று அவன் தீர்மானித்துவிட்டான். பணம் செலவாவதைக் காட்டிலும், “இந்த வேலை எனக்கு வராது மாமா” என்று அவன் கூறிய சொல்லே எனக்குக் கவலையளித்தது.

அந்தப் பலகை உண்மையில் எரிந்திருந்ததா என்பதை இப்பேச்சின் இறுதியிற் கூறுகின்றேன். அதற்கு முன்னர், இத்தகைய பலகையும் கணினியும் எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பதையும், அப்பேச்சு தடைப்படுமிடத்தை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதையும் விளக்க விரும்புகின்றேன். நோய் இன்னதென்றும், அது தோன்றிய காரணம் இன்னதென்றும் தெளிந்த பின்னரே மருந்தைப் பற்றி எண்ண வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை. அம்முறை இக்கருவிகளுக்கும் முற்றும் பொருந்தும்.

முதலில் இப்பலகை யாதெனப் பார்ப்போம். இதன் குடும்பப் பெயர் ஆர்டுயினோ. 2005ஆம் ஆண்டில், வட இத்தாலியிலுள்ள இவ்றேயா என்னும் நகரில், மின்னணுவியலை முறையாகக் கல்லாத வடிவமைப்பு மாணவர்களும் எளிதிற் கையாளத்தக்க கருவியொன்றை மசிமோ பன்சி முதலிய ஆசிரியர்கள் உருவாக்கினர். 1002ஆம் ஆண்டில் இத்தாலியின் அரசனாக முடிசூடிய ஆர்டுயின் என்பவனின் பெயர் அந்நகரில் ஒரு மதுச்சாலைக்கு வழங்கிற்று. அங்கிருந்தே பலகைக்கும் அப்பெயர் வந்தது. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஊனோ என்னும் வகையே உலகெங்கும் மிகுதியாகப் பரவியது. ஊனோ என்பதற்கு இத்தாலிய மொழியில் ‘ஒன்று’ என்று பொருள். இதன் அமைப்பைச் செய்தவர்கள் அதனை மறைத்து வைக்காது யாவருக்கும் வெளியிட்டமையால், இதே அமைப்பிற் பலகை செய்து குறைந்த விலைக்கு விற்போர் பலர் தோன்றினர். அந்த மாணவனிடம் இருந்ததும் அவ்வாறு செய்யப்பட்ட பலகையே.

இப்பலகையின் மீது இரண்டு சில்லுகள் முக்கியமானவை. பெரியது அற்மெகா 328 என்னும் நுண்கட்டுப்படுத்தி. நாம் எழுதும் நிரலை 32 கிலோபைற்று நினைவகத்தில் வைத்துக்கொண்டு, விளக்கை எரிப்பதும் உணர்கருவியை வாசிப்பதும் அதன் தொழில். ஆனால் அச்சில்லுக்குக் கணினியின் யூ. எஸ். பி. மொழி தெரியாது. ஆதலால் இணைப்பு வாயின் அருகே இரண்டாவது சில்லொன்றை வைத்திருக்கின்றனர். இரு மொழியும் அறிந்த துபாசியைப் போல, கணினி சொல்வதைப் பலகைக்கும், பலகை சொல்வதைக் கணினிக்கும் அது பெயர்த்துக் கூறுகின்றது. பலகை பேசவில்லை என்று நாம் முறையிடும்போது, பேசாதிருப்பது யார் என்பதே ஆராய வேண்டியது. நடுவிலுள்ள வடமா, துபாசியா, கணினியிலுள்ள மென்பொருளா, அல்லது பெரிய சில்லேதானா?

யூ. எஸ். பி. முறையின் முதலாவது விதித்தொகுதி 1996ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் வெளியாயிற்று. அதற்கு முன்னர் விசைப்பலகைக்கு ஒரு வாய், அச்சுப்பொறிக்கு ஒரு வாய், தொலைபேசி இணைப்புக்கு வேறொரு வாய் என்று கணினியின் பின்புறம் வெவ்வேறு வாய்களால் நிறைந்திருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே வாய் போதும் என்ற நோக்கத்துடன் அமைக்கப்பட்டதே இம்முறை. நம் பலகை பயன்படுத்தும் வடத்தினுள் நான்கு கம்பிகள் உள. வழக்கமாகச் சிவப்பு, கறுப்பு ஆகிய இரண்டும் 5 வோல்ற்று மின்சாரத்தைக் கொண்டு செல்வன. பச்சை, வெள்ளை ஆகிய இரண்டும் செய்தியைக் கொண்டு செல்வன.

பலகையைப் பொருத்திய கணத்தில் நிகழ்வது யாது? துபாசிச் சில்லு, 1,500 ஓம் தடையொன்றின் மூலம் பச்சைக் கம்பியின் மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்துகின்றது. கதவைத் தட்டுவதற்கு இது ஒப்பாகும். அவ்வுயர்வைக் கண்ட பின்னரே, யாரோ வந்திருக்கின்றார் என்று கணினி அறிகின்றது. உடனே, “நீ யார்?” என்று வினவுகின்றது. பலகை தன்னைச் செய்தவரின் இலக்கத்தையும் தன் வகையின் இலக்கத்தையும் கூறுகின்றது. கணினி அதற்கு 1 முதல் 127 வரையுள்ள எண்களில் ஒன்றை முகவரியாகக் கொடுத்து, அதனுடன் பேசவல்ல செலுத்தி மென்பொருளைத் தேடுகின்றது. ‘டிரைவர்’ என்று வழக்கில் கூறுவது இதனையே. செலுத்தி கிடைத்தால், ‘போர்ட்’ எனப்படும் துறையொன்று பலகைக்கென ஒதுக்கப்படுகின்றது. அதன் பின்னரே நாம் எழுதிய நிரல் அத்துறை வழியாகப் பலகையைச் சென்றடைய முடியும்.

இவ்வளவும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வன என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். முதற் படி நிகழாதாயின் ஐந்தாம் படியை ஆராய்வதில் பயனில்லை. ஆகவே நாம் ஐந்து வினாக்களை, அவற்றுக்குரிய ஒழுங்கிலேயே கேட்போம்.

முதலாவது வினா: பலகைக்கு மின்சாரம் வருகின்றதா?

மின்சாரம் வந்தால் பலகையில் அதற்கென அமைந்த சிறு விளக்கு எரியும். எரியாவிடின், பலகையுடன் தொடுத்துள்ள கம்பிகள், உணர்கருவிகள், மோட்டார்கள் யாவற்றையும் அகற்றிவிட்டு, வெறும் பலகையை மாத்திரம் பொருத்திப் பாருங்கள். இப்பொழுது விளக்கு எரிந்தால், குற்றம் நீங்கள் தொடுத்த சுற்றிலேயே உள்ளது. எங்கேனும் மின்சாரம் குறுக்கு வழியிற் பாய்ந்திருக்கலாம். அல்லது மோட்டார் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தை இழுத்திருக்கலாம். சாதாரண யூ. எஸ். பி. 2 துறையொன்று ஒரு கருவிக்கு 500 மில்லி அம்பியர் வரையே வழங்குதற்கு உரியது. ஊனோ பலகையிலும் அதே அளவுக்குரிய காப்புருகி உண்டு. மிகை மின்னோட்டம் பாய்ந்தால் அது சூடேறி மின்னோட்டத்தைத் தடுக்கும். ஆறியதும் தானே பழைய நிலைக்குத் திரும்பும். வீட்டிலுள்ள பழைய உருகியைப் போல் கம்பி மாற்ற வேண்டியதில்லை. எனவே விளக்கு அணைந்தவுடன் பலகை செத்ததென்று எண்ணாது, வடத்தைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுத்திருந்து பாருங்கள். பலகையின் அடிப்புறத்திலுள்ள ஈயப்பற்றுகள் உலோக மேசையிற் படாதவாறு கீழே ஒரு கடதாசி மட்டையை வைப்பதும் நன்று.

இங்கே இன்னுமொரு செய்தி. அண்மைக்காலப் பலகைகள் சிலவற்றில், எப்புறம் திருப்பினும் பொருந்தும் ‘சீ’ வகை வாய் உண்டு. வடத்தின் இரு முனையும் ‘சீ’ வகையாயின், பலகையில் 5,100 ஓம் தடையிகள் இரண்டு இருந்தால் மாத்திரமே மறுமுனை மின்சாரத்தை வழங்கும். மலிவுப் பலகைகள் சிலவற்றில் அத்தடையிகளை வைக்காது விட்டுவிடுகின்றனர். அப்பலகை ‘சீ’ வடத்தில் முற்றும் இருண்டிருக்கும். கணினிப் பக்கம் பழைய நீள்சதுர முனையுள்ள வடத்தில் நன்கு எரியும். பலகை பழுதென்று எறிந்துவிட எவ்வளவு எளிதான தருணம் இது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது வினா: பலகை வந்திருப்பதைக் கணினி உணர்கின்றதா?

விளக்கு எரிவது மின்சாரக் கம்பிகள் இரண்டும் நல்லன என்பதற்கு மாத்திரமே சான்று. பேச்சுக் கம்பிகளைப் பற்றி அது யாதொன்றும் கூறாது. கைப்பேசிக்கு மின்னேற்றுவதற்கென்றே விற்கப்படும் வடங்கள் சிலவற்றில் பச்சைக் கம்பியும் வெள்ளைக் கம்பியும் இருப்பதேயில்லை. வெளித்தோற்றத்தில் இருவகை வடங்களுக்கும் வேறுபாடு காண முடியாது. அத்தகைய வடத்திற் பொருத்திய பலகை ஒளிரும். முன்னர் எழுதிய நிரலை ஓயாது இயக்கும். ஆயினும் கணினிக்கு அது வந்ததே தெரியாது. கதவைத் தட்டும் கை அங்கே இல்லையன்றோ!

வடத்தைச் சோதிப்பது எளிது. அதே வடத்தால் ஒரு கைப்பேசியைக் கணினியுடன் இணைத்து, ஒரு படத்தைக் கணினிக்கு மாற்றிப் பாருங்கள். படம் வந்தால் வடம் பேசும் வடம். அச்சுப்பொறியின் சதுர முனையுள்ள வடமாயின், அச்சுப்பொறியிற் பொருத்தி ஒரு தாளை அச்சிட்டுப் பாருங்கள். நல்லதென்று கண்ட வடத்துக்கு ஓர் அடையாளம் இட்டு, பலகையுடன் சேர்த்து வைத்துவிடுங்கள்.

வடம் நல்லதாயின், கணினியிலுள்ள வேறொரு வாயில் நேராகப் பொருத்துங்கள். ஒரு வாயைப் பலவாகப் பிரிக்கும் ‘ஹப்’ இடையில் இருந்தால் அதனை அகற்றுங்கள். வடமும் மிக நீண்டதாயிருத்தல் கூடாது; யூ. எஸ். பி. 2 முறையில் 5 மீற்றரே எல்லையெனக் கொள்ளலாம்.

கணினி உணர்ந்ததா என்பதை அறிவதற்கு ஒரு சிறந்த வழி, கருவிகளின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு பலகையைப் பொருத்துவதும் கழற்றுவதுமாகும். வின்டோஸ் முறையில் அப்பட்டியல் ‘டிவைஸ் மனேஜர்’ எனப்படும். பொருத்தும்போது ஒரு வரி தோன்றி, கழற்றும்போது அவ்வரி மறைந்தால், அதுவே உங்கள் பலகை. அவ்வரியில் மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி இருந்தாலும் மகிழ்ச்சியடையுங்கள். மஞ்சட் குறி, “யாரோ வந்திருக்கின்றார், ஆனால் அவர் மொழி எனக்கு விளங்கவில்லை” என்று கணினி கூறுவதாகும். வெறுமையான பட்டியலைவிட அது ஒரு படி முன்னே உள்ளது.

மூன்றாவது வினா: கணினிக்குப் பலகையின் மொழி தெரியுமா?

மூல ஊனோ பலகையின் துபாசிச் சில்லு பொது மொழி பேசுவது. வின்டோஸ் 10 முதலாக அதற்குரிய செலுத்தி கணினியிலேயே அமைந்துள்ளது. விலை குறைந்த பலகைகள் பலவற்றில் சீனாவிற் செய்யப்படும் ‘சி. எச். 340’ என்னும் வேறொரு சில்லு துபாசியாக இருக்கின்றது. அதுவும் நல்ல சில்லே. ஆயினும் சில கணினிகளில் அதற்குரிய செலுத்தியை நாமே தேடி நிறுவ வேண்டியிருக்கும். ஆகவே இணைப்பு வாயின் அருகிலுள்ள சில்லின் மீது பொறித்திருப்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியால் வாசித்து அறிந்துகொள்ளுங்கள். எந்தத் துபாசி என்று தெரிந்தால், எந்தச் செலுத்தி வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

லினக்ஸ் முறையில் செலுத்தி பெரும்பாலும் முன்னரே உண்டு. அனுமதியே தடையாக நிற்கும். துறை கண்ணுக்குத் தெரியும். திறக்க முயன்றால் அனுமதி மறுக்கப்படும். உபுண்டு முதலியவற்றில் ‘டயல் அவுட்’ என்னும் குழுவில் உங்கள் பெயரைச் சேர்த்து, கணினியிலிருந்து வெளியேறி மீண்டும் உட்புகுந்தால் இத்தடை நீங்கும். 2022ஆம் ஆண்டில் வெளிவந்த உபுண்டு 22.04 பதிப்பில் ஒரு விந்தை நிகழ்ந்தது. பார்வையற்றோர் விரலால் வாசிக்கும் பிரெயில் காட்டிகளுள் ஒன்று, சி. எச். 340 சில்லின் அதே இலக்கங்களைக் கூறுவது. அதனால் பிரெயில் காட்டியை இயக்கும் நிரல், நம் பலகையைத் தன்னுடைய கருவியென்று கருதிப் பற்றிக்கொண்டது. துறை ஒரு கணம் தோன்றி மறைந்தது. பிரெயில் காட்டி பயன்படுத்தாதோர் அந்நிரலை நீக்கியதும் பலகை பேசிற்று.

குற்றம் நம் கையிலும் பலகையிலும் இல்லாமலும் இருக்கலாம் என்பதற்கு மற்றுமொரு சான்று உண்டு. எப். டி. டி. ஐ. என்னும் நிறுவனத்தின் துபாசிச் சில்லுகளைப் போலியாகச் செய்து பலர் விற்று வந்தனர். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், வின்டோஸ் புதுப்பித்தலோடு வந்த அந்நிறுவனத்தின் செலுத்தி, போலிச் சில்லுகளின் வகை இலக்கத்தைச் சுழியமாக மாற்றிவிட்டது. முதல்நாள் இயங்கிய கருவிகள் மறுநாள் அடையாளம் இழந்து நின்றன. தம் சில்லு போலி என்றே அறியாத பலர், தாமே பழுதாக்கிவிட்டதாக எண்ணி மயங்கினர். எதிர்ப்பு எழுந்தபின் நிறுவனம் அச்செலுத்தியை மீளப்பெற்றது. “நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை” என்று கூறும்போது, நேற்றுக்கும் இன்றுக்கும் இடையில் கணினியில் என்ன மாறியது என்பதையும் கேட்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

நான்காவது வினா: துறை தெரிகின்றது; நிரல் ஏறுகின்றதா?

நிரலை ஏற்றுமாறு கட்டளையிட்டதும் நிகழ்வதைக் கேளுங்கள். கணினி துறையைத் திறக்கின்றது. அப்போது துபாசியிடமிருந்து ஒரு சைகை, சிறு கொள்ளளவியொன்றின் வழியாகப் பெரிய சில்லைச் சென்றடைந்து, அதனை உறக்கத்திலிருந்து எழுப்புவதுபோல் மீளத் தொடங்கச் செய்கின்றது. எழுந்த சில்லு, தன்னுள் நிலையாக வைக்கப்பட்டுள்ள தொடக்கநிரலை முதலில் இயக்கும். ‘பூட்லோடர்’ என்பது இதுவே. புதிய நிரல் ஏதும் வருகின்றதா என்று ஏறத்தாழ 1 வினாடி நேரம் அது செவிசாய்க்கும். வந்தால் வாங்கி நினைவகத்தில் எழுதும். வாராவிடின் பழைய நிரலுக்கு வழிவிடும். அந்த ஒரு வினாடியிற் பேச்சுத் தொடங்காவிடின், ‘ஒத்திசைவு இல்லை’ என்னும் பொருள்பட ஒரு பிழைச் செய்தி திரையில் வரும். ‘நொட் இன் சிங்க்’ என்ற சொற்களால் இதனை அடையாளம் காணலாம்.

இதற்குக் காரணங்கள் பல. மென்பொருளில் தெரிவுசெய்த பலகையின் வகை தவறாயிருக்கலாம். பலகை ஒரு துறையிலிருக்க, வேறொரு துறையைத் தெரிவுசெய்திருக்கலாம். மற்றொரு நிரல் அத்துறையைத் திறந்து வைத்திருக்கலாம். ஒரு துறையில் ஒரு நேரத்தில் ஒரு நிரலே பேச முடியும். நானோ என்னும் சிறிய பலகையாயின் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். 2018ஆம் ஆண்டு முதல் மூல நானோ பலகைகள் வேகமான புதிய தொடக்கநிரலுடன் வருகின்றன. பழையனவும், பிறர் செய்தவற்றுட் பலவும் பழைய தொடக்கநிரலையே கொண்டுள்ளன. மென்பொருளில் ‘ஓல்ட் பூட்லோடர்’ என்ற தெரிவை மாற்றிய மாத்திரத்தில் அவை இணங்கிவிடும்.

இவையன்றி, புதியவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. பலகையின் ஓரத்தில் 0, 1 என்று இலக்கமிட்ட இரு முனைகள் உள. பெரிய சில்லும் துபாசியும் பேசிக்கொள்வது இந்த இரு முனைகளுக்குரிய கம்பிகளின் வழியாகவே. அவற்றில் உணர்கருவியையோ வேறு கருவியையோ பொருத்தினால், இருவர் பேசும்போது மூன்றாமவர் குறுக்கே கூச்சலிடுவது போலாகும். நிரல் ஏற்றும் வேளையில் இவ்விரு முனைகளையும் வெறுமையாக விடுதல் வேண்டும்.

எல்லாம் சரியென்று தோன்றியும் நிரல் ஏறவில்லையாயின், துபாசியைத் தனியே சோதிக்கும் வழியொன்றைக் கூறுகின்றேன், கேட்டு எழுதிக்கொள்ளலாம். வடத்தைக் கழற்றிய நிலையில், ‘ரீசெற்’ என்று குறித்த முனையையும் ‘கிரவுண்ட்’ என்று குறித்த முனையையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். இதனாற் பெரிய சில்லு உறங்கிக்கிடக்கும். பின்னர் 0, 1 ஆகிய முனைகளை மற்றொரு கம்பியால் இணையுங்கள். இப்பொழுது வடத்தைப் பொருத்தி, மென்பொருளிலுள்ள ‘சீரியல் மொனிற்றர்’ என்னும் உரையாடற் சாளரத்தைத் திறந்து, சில எழுத்துகளை அனுப்புங்கள். மலைச்சாரலில் நின்று கூவினால் எதிரொலி வருவதுபோல், அனுப்பிய எழுத்துகளே திரும்பி வருதல் வேண்டும். வந்தால், வடமும் துறையும் செலுத்தியும் துபாசியும் நல்லன. குற்றம் பெரிய சில்லிலோ, அதன் தொடக்கநிரலிலோ, நாம் செய்த தெரிவுகளிலோ இருக்க வேண்டும். தொடக்கநிரல் அழிந்திருப்பினும் பலகை வீணன்று. மற்றுமொரு பலகையின் துணைகொண்டு அதனை மீள எழுதலாம்.

ஐந்தாவது வினா: நிரல் ஏறியது, பேச்சு விளங்குகின்றதா?

சிலவேளை உரையாடற் சாளரத்தில் எழுத்துகளுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகள் கொட்டும். இது பழுதன்று. 33 சுற்றுக்குரிய இசைத்தட்டை 78 சுற்று வேகத்திற் சுழலவிட்டால் பாடகரின் குரல் என்னவாகும்? அதுவே இங்கும் நிகழ்கின்றது. நிரலில் 9600 என்ற வேகத்தைக் குறித்திருந்தால் சாளரத்திலும் 9600 என்றே தெரிவுசெய்தல் வேண்டும். இரண்டும் ஒன்றானால் பேச்சுத் தெளிவாகும்.

நேயர்களே, இனி அந்த மாணவனின் பலகைக்கு வருவோம்.

விளக்கு எரிந்தது, ஆகவே முதலாவது வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. கருவிகளின் பட்டியலைத் திறந்து வைத்துப் பலகையைப் பொருத்தினோம். யாதொரு மாற்றமும் இல்லை. வடத்தைப் பற்றி விசாரித்தேன். பாடசாலையிற் பயன்படுத்தியது வகுப்பறை வடம். வீட்டில் அவன் எடுத்தது கைப்பேசிக்கு மின்னேற்றும் வடம். என் மேசையிலிருந்த வேறொரு வடத்தைக் கொடுத்தேன். உடனே பட்டியலில் ஒரு வரி தோன்றிற்று, துறையும் கிடைத்தது. அவன் முகம் மலர்ந்தது.

ஆனால் நிரலை ஏற்ற முயன்றபோது, ஒத்திசைவு இல்லையென்ற செய்தி வந்தது. அவன் முகம் மீண்டும் வாடிற்று. “வடத்தை மாற்றியும் பயனில்லை மாமா. பலகைதான் பழுது” என்று கூறிக்கொண்டே, வடத்தைக் கழற்றிப் பழைய வடத்தை மீண்டும் பொருத்தக் கையெடுத்தான்.

இந்த ஒரு கணத்திற்காகவே நான் இப்பேச்சை எழுதினேன். ஒன்றை மாற்றிப் பார்த்து, வெற்றி வரவில்லையென்றால், அதனைப் பழையபடியே வைத்துவிட்டு வேறொன்றை மாற்றுவது நம் வழக்கம். ஒரே குற்றம் இருக்கும்போது அம்முறை போதும். இரண்டு குற்றங்கள் இருந்தால், அம்முறையால் எக்காலத்திலும் விடுதலை இல்லை. வடத்தை மட்டும் மாற்றினால் இரண்டாவது குற்றம் தடுக்கும். இரண்டாவதை மட்டும் திருத்தினால் வடம் தடுக்கும். பயில்வோன் இரண்டையும் தனித்தனியே சோதித்து, இரண்டும் காரணமல்லவென்று முடிவுசெய்து, நல்ல பலகையைக் குப்பையில் எறிவான்.

ஆதலால் வெற்றி வந்ததா என்று மாத்திரம் பார்த்தல் போதாது. அறிகுறி மாறியதா என்று பார்த்தல் வேண்டும். சற்று முன்னர் கணினிக்குப் பலகை இருப்பதே தெரியவில்லை. இப்பொழுது தெரிகின்றது, ஆனால் நிரல் ஏறவில்லை. நாம் இரண்டாவது வினாவிலிருந்து நான்காவது வினாவுக்கு வந்திருக்கின்றோம். அது தோல்வியன்று, வழியில் நாம் நிற்கும் இடம்.

இதனை அவனுக்கு விளக்கிய பின்னர், பலகையிற் பொருத்தியிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மண்ணின் ஈரத்தை அறியும் உணர்கருவியின் ஒரு முனையில் ‘டீ’ என்ற எழுத்தும், அதன் பக்கத்தில் ஒரு வட்டமும் பொறித்திருந்தன. அவ்வட்டம் ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்து. வெளியீடு என்பதற்கான சுருக்கம். அவனோ அதனைச் சுழியம் என்று வாசித்து, சுழியத்துக்குச் சுழியம் பொருத்தம் என்று கருதி, பலகையின் 0 முனையிற் செருகியிருந்தான். உணர்கருவியின் முளை ஈரமண்ணில் நின்றமையால், அது அக்கம்பியைத் தாழ்ந்த மின்னழுத்தத்திலேயே இழுத்துப் பிடித்திருந்தது. துபாசி கூறியது ஒன்றும் பெரிய சில்லின் செவியில் விழவில்லை. கம்பியை 7ஆம் முனைக்கு மாற்றி, நிரலிலும் அந்த எண்ணைத் திருத்தினோம். நிரல் ஏறிற்று. முளையை மண்ணிலிருந்து எடுத்துத் துடைத்ததும் ஒலிப்பான் வீடு முழுவதும் கேட்கும்படி அலறிற்று.

பலகை எரிந்திருக்கவில்லை. அவனுக்கு இந்த வேலை வராது என்பதும் உண்மையன்று. வகுப்பறையிற் பலகை இயங்கியதற்கும் காரணம் விளங்கிற்று. அங்கே வடம் நல்லது, உணர்கருவி பொருத்தப்படவில்லை. வீட்டில் இரண்டும் ஒருங்கே மாறியிருந்தன.

பதறாத காரியம் சிதறாது என்பர். பதறாமல் இருப்பதற்கு மனவுறுதி மட்டும் போதாது. கையில் ஓர் ஒழுங்கும் வேண்டும். ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். என்ன மாற்றினீர்கள், முன்னர் என்ன தோன்றியது, பின்னர் என்ன தோன்றியது என்று மூன்றையும் எழுதுங்கள். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுங்கள். மாற்றியது உங்களை அடுத்த வினாவுக்குக் கொண்டு சென்றால், அதனை அப்படியே விட்டுவைத்து மேற்செல்லுங்கள். பிறரிடம் உதவி கேட்கும்போதும், “வேலை செய்யவில்லை” என்று கூறாது, “விளக்கு எரிகின்றது, துறை தெரிகின்றது, நிரல் ஏறவில்லை” என்று கூறுங்கள். பாதி விடை அச்சொற்களிலேயே இருக்கும்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஒரு பலகையைக் கையிலேந்தி, “நான் இதைக் கெடுத்துவிட்டேன்” என்று வந்து நின்றால், உடனே கடிந்துகொள்ளவும் வேண்டாம். உடனே புதியது வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். பக்கத்தில் அமர்ந்து, “விளக்கு எரிகின்றதா?” என்று முதல் வினாவைக் கேளுங்கள். எஞ்சிய நான்கையும் பிள்ளையே கேட்டுக்கொள்ளும்.